நெருப்புப்பெட்டி வீடுகள்

யுத்தம் முடிந்துவிட்டதென்று வானொலி சொல்லிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அந்தச் செய்தி தம்பிலுவிலுக்கும் கல்முனைக்கும் இடையில் இருந்த காவலரண்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. ஒவ்வொன்றிலும் பஸ்ஸால் இறங்கி, பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏற வேண்டும். அன்று காலை என் பைக்குள் கைவிட்ட சிப்பாய் ஒரு நெருப்புப்பெட்டியை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். சத்தமில்லை. இன்னொன்றை எடுத்தார். அதுவும் வெறும் பெட்டி. பை நிறைய நெருப்புப்பெட்டி இருந்து, ஒன்றிலும் குச்சி இல்லையென்றால் யாருக்கும் சந்தேகம் வரும்தானே. குச்சியெல்லாம் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். ஆசிரியர்கள் விளையாடுவதற்குக் கொண்டுபோகிறேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். பையைத் திருப்பித் தரும்போது அவர் முகத்தில் சந்தேகம் போய் இரக்கம் வந்திருந்தது. பஸ்ஸில் ஏறக் கையும் கொடுத்தார்.

என் பெயர் கதிர்காமன். வேலை ஆசிரிய ஆலோசகர். வகுப்பில் பிள்ளைகளை அடக்கத் தெரியாத ஒருவனைக் கண்டால், மற்ற ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடு என்று மேலே அனுப்பிவிடுவார்கள். அப்படி மேலே வந்தவர்களில் நானும் ஒருவன். ஆரம்ப வகுப்புகளின் சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்ற பாடம் என் பொறுப்பு. வீடு, அயல், ஊர், தொழில், பெருநாள் என்று ஒரு பிள்ளை தன் வாசலில் நின்று பார்க்கக்கூடிய எல்லாம் அதற்குள் வரும். இதைப் புத்தகத்தில் வாசித்துக் காட்டாமல், பிள்ளைகள் கையால் செய்து படிக்க வேண்டும் என்பது புதிய கொள்கை. சாய்ந்தமருதில் ஒரு பாடசாலை மண்டபத்தில் அதற்காக ஆசிரியர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி. முதல் நாள் காலை, பேச்சைக் குறைத்துச் செயலைக் கூட்டுங்கள் என்ற கருத்தை நான் மதியச் சாப்பாடு வரும்வரை பேசினேன்.

பின்னேரம்தான் செயல். தரையில் ஒரு கட்டில் விரிப்பை விரித்தேன். என் மனைவி மீனாம்பிகையின் புது விரிப்பு, அவளுக்குத் தெரியாது. அதன் ஒரு கரையில் நீலம் பூசியிருந்தேன், கடல். மறு கரையில் பச்சை, வயல். நடுவில் கறுப்புக் கோடு, கல்முனைக்குப் போகும் பெரிய வீதி. ஆளுக்கொரு நெருப்புப்பெட்டி கொடுத்து, உங்கள் உங்கள் வீடு எங்கே இருக்கிறதோ அங்கே வையுங்கள் என்றேன். ஆசிரியைகள் சேலையை ஒதுக்கிக்கொண்டு முழங்காலில் இருந்து, என் மதினி வீடு அங்கால, நீங்க கொஞ்சம் தள்ளுங்க என்று ஒரே கலகலப்பு. கொஞ்ச நேரத்தில் விரிப்பின்மேல் ஒரு ஊர் எழும்பிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அது கச்சான் காலம். வயல்வெளியைத் தாண்டி அனலாக வந்து, ஊரைக் கடலுக்குள் தள்ளப் பார்க்கிற காற்று. மண்டபத்து யன்னல்களுக்குக் கதவு கிடையாது. ஒரே ஒரு வீச்சுத்தான். நான் கட்டிய ஊர் முழுவதும் எழும்பி, வீதியைத் தாண்டி, நீலத்துக்குள் போய் விழுந்தது.

விரிப்பைச் சுற்றி இருந்தவர்கள் கையைப் பின்னுக்கு இழுத்தார்கள். அங்கே இருந்தவர்களில் சுனாமிக்கு ஒருவரையாவது கொடுக்காதவர்கள் மிகக் குறைவு. நாலரை வருடம் என்பது அதற்கு ஒரு காலமா. நான் கையில் வெண்கட்டியோடு, முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

"பரவால்ல சேர்," என்று ஒரு குரல் வந்தது. "அண்டைக்குக் கடல் வந்து வீட்டக் கொண்டு போன. இண்டைக்கு வீடே நடந்து கடலுக்குள்ள போகிது. இடைக்கிட மாத்திச் செய்யத்தானே வேணும்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நான் வெண்கட்டியைக் கீழே வைத்தேன்.

சொன்னவர் சுபைறா டீச்சர். அதே பாடசாலையில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறவர். உயரமான, எலும்பான ஆள். எதையும் முகத்தைச் சுளிக்காமல் சொல்லி மற்றவர்களைச் சிரிக்க வைப்பார். வெளியே போய் ஒரு சிரட்டையில் மணல் அள்ளிவந்து, ஒவ்வொரு பெட்டியாக இழுத்துத் திறந்து மணல் போட்டு மூடினார். மற்றவர்களும் அதையே செய்தார்கள். அதன்பின் என் ஊர் அசையவில்லை.

அடுத்ததாக நான் பெருமையோடு கொண்டுவந்திருந்த படத்தைச் சுவரில் தொங்கவிட்டேன். கொழும்பில் அச்சடித்த வழிகாட்டியில் இருந்ததைப் பார்த்து, இரண்டு இரவு கண்விழித்துப் பெரிதாக வரைந்து நிறம் தீட்டியது. இடது பக்கம் ஒரு வீடு, வலது பக்கம் ஒரு வீடு. இடது வீட்டிலிருந்து மணப்பெண் புறப்பட்டு வலது வீட்டுக்குப் போகிறாள் என்று ஒரு சிவப்பு அம்பு. தலைப்பு: குடும்பம் உருவாகும் விதம்.

சுபைறா டீச்சர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சேர், இந்தப் புள்ள எங்க சேர் போறா?"

"கலியாணம் முடிச்சு மாப்பிள்ளை வீட்டுக்குப் போறா டீச்சர்."

"ஏன், அவவுக்கு வீடில்லையா?"

"இருக்கே. இதுதான்."

"இரிந்தா மறுகா ஏன் போறா? மாப்பிள்ளையெல்லா வரணும். இவட உம்மா வாப்பா என்ன, வீடு குடுக்க ஏலாத ஆக்களா? பாவம் சேர், இந்தப் புள்ளைய யாரோ நல்லா ஏமாத்தியிரிக்காங்க."

சொறிக்கல்முனையிலிருந்து வந்திருந்த கிருசாந்தி டீச்சர் பின்வரிசையில் இருந்து, "சேர் எந்த வீட்டில இருக்கிற?" என்று கேட்டார். எனக்கு அவரது சின்னம்மா தம்பிலுவிலில் எங்கள் ஒழுங்கையில் குடியிருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"மனிசிட வீட்டில," என்றேன்.

எங்கள் கரையில் தமிழரும் முஸ்லிம்களான சோனகரும் எதில் ஒத்துப்போகாவிட்டாலும் இதில் ஒத்துப்போவோம். வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். கலியாணம் முடிந்த நாளிலிருந்து மீனாம்பிகையின் வீட்டில் இருந்து, அவளிடம் கேட்காமல் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்காத நான், அந்த வீட்டு மேசையில் இருந்துதான் அந்த அம்பைக் கீறியிருந்தேன். சுபைறா டீச்சர் எழும்பிவந்து, மருதமுனைத் தறிகளிலிருந்து நான் வாங்கிவந்த கழிவு நூலில் ஒரு சிவப்புத் துண்டை எடுத்தார். "படம் கிடக்கட்டும் சேர். இத வெச்சிப் பாப்பம்," என்று விரிப்பில் ஒவ்வொரு வீட்டு ஆம்பிளையும் பிறந்த இடத்திலிருந்து அந்த வீட்டுப் பெட்டிக்கு நூல் போடச் சொன்னார். எல்லா நூலும் எங்கெங்கோ இருந்து வந்து பெண்களின் வீட்டில் முடிந்தது. ஒரு பெண் வீட்டிலிருந்தும் நூல் வெளியே போகவில்லை. நான் என் படத்தைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்தேன்.

கடைசி நாளில் கல்விப் பணிமனையிலிருந்து ஓர் அதிகாரி வந்து, ஒரு மாதிரிப் பாடத்தைப் பார்ப்பதாக இருந்தது. அதைச் சுபைறா டீச்சர்தான் செய்ய வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். தலைப்பும் அவரே சொன்னார்: எங்கள் வீடு. சொல்லும்போது மட்டும் முகம் கொஞ்சம் மாறியதைக் கண்டேன். ஏனென்று அடுத்த நாள் அவரது வீட்டுக்குப் போனபோது விளங்கியது.

பிள்ளைகளுக்கு ஏற்றமாதிரி விரிப்பில் பள்ளிவாசலும் சந்தையும் வரைய வேண்டியிருந்தது. மண்டபத்தில் காற்று விடவில்லை. வீட்டில் வைத்து வரைவோம், மத்தியானச் சாப்பாடும் அங்கேதான் என்றார். ஊருக்கு மேற்கே, வயலை நிரப்பிக் கட்டிய சுனாமி வீட்டுத்திட்டம். ஒரே அச்சில் வார்த்த வீடுகள். அடையாளத்துக்கு ஒவ்வொருவரும் வாசலில் ஏதாவது வைத்திருந்தார்கள். சுபைறா டீச்சரின் வாசலில் பழைய தோணித் துடுப்பு ஒன்று மதிலில் சாய்ந்து நின்றது. அவரது கணவர் சுபியான் கரைவலைக்காரர். கடலில் இருந்து இவ்வளவு தூரம் தள்ளி வந்ததால், விடியப்புறம் சைக்கிளில் கடலுக்குப் போய், பகலில் சைக்கிளில் மீனோடு வருவார்.

பாய் விரித்துச் சாப்பாடு வைத்தார்கள். குழம்பை அங்கே ஆணம் என்பார்கள். பாரை மீனாணம், கீரி மீன் பொரியல், கத்தரிக்காய்ப் பாலாணம், முருங்கைக் கீரைச் சுண்டல். நான் சாப்பாட்டைப் பற்றி எழுதினால் மற்றது எழுத இடம் இருக்காது. சுபியான் எனக்கு எதிரே இருந்தார். நல்ல சிரித்த முகம். ஆனால் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"சேர்," என்றார் சுபைறா டீச்சர் குசினி வாசலில் நின்று. "வீட்டுக்காரருட்ட கேளுங்க, ஆணம் இன்னம் வேணுமா எண்டு."

நான் எதிரே இருந்தவரைப் பார்த்தேன். "ஆணம் இன்னும் வேணுமாண்டு கேக்கிறா சுபியான்."

"வேணாமெண்டு சொல்லுங்க சேர். உப்புக் கூடிப்போச்சு."

"உப்புக் கூடவாம் டீச்சர்."

"கூடாம என்ன செய்யும். கரையிலரிந்து இஞ்ச வந்து சேரக்குள்ள மீனுக்கே வேர்த்துப் போகிது. அந்த உப்புத்தான் அது."

சுபியானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோற்றைப் பார்த்துக்கொண்டு அடக்கினார். மகள் நதீரா, சாதாரண தரச் சோதனைக்குப் படிக்கிற பிள்ளை, "சேர், இவங்க ரெண்டு பேரும் நோன்புப் பெருநாளைக்குத்தான் இனிக் கதைப்பாங்க," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டுப் போனாள்.

நான் அரைவாசி சாப்பிட்டிருப்பேன், வளவு வாசற் கடப்படியால் ஒரு வயதான பெண் வந்தார். சுபியானின் தாய் சல்மா உம்மா. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு என்னைப் பார்த்து, "நல்லாச் சாப்புடுங்க மாஸ்டர். வெக்கப்படாதீங்க. இது என்ட மகன்ட வீடு," என்றார். பிறகு உள்ளே வராமல், வீட்டைச் சுற்றிக்கொண்டு பின் வளவுக்குப் போனார். கிணற்றடியில் நின்று, முருங்கையடிவரை கையை நீட்டி முழம் போட்டுப் பார்த்தார். "மகன், இதுக்குள்ள ரெண்டு அற வடிவா வரும்," என்று பின்னாலிருந்து சத்தம் கேட்டது.

குசினிக்குள் ஒரு சட்டி இன்னொரு சட்டியோடு பலமாக மோதியது. சுபியான் கைகழுவிவிட்டு, தொழப் போகிறேன் என்று சைக்கிளை எடுத்தார்.

அவர் போன பிறகு விரிப்பை முன் அறையில் விரித்து, நான் பள்ளிவாசலுக்கு மினாரா வரைய, சுபைறா டீச்சர் சந்தைக்கு நிறம் தீட்டிக்கொண்டே சொன்னார்.

கடற்கரை ஓரத்தில் அவரது சீதன வீடு இருந்தது. அவருடைய உம்மா கட்டிக் கொடுத்தது. அதைக் கடல் கொண்டுபோனது. அந்த வீட்டுக்குப் பதிலாகத்தான் இந்த வீடு கிடைத்தது. ஆனால் பெயர் சுபியானின் பெயர்.

"அது எப்படி?" என்றேன்.

"என்ட வாயாலதான் சேர். கூடாரத்துக்குள்ள இரிக்கக்குள்ள ஒரு உத்தியோகத்தர் வந்தாரு. குடும்பத் தலைவர் பேர் என்னெண்டு கேட்டாரு. புருசன்ட பேர நாங்க வாயால சொல்ற இல்லையே. நான் நதீராவக் கூப்பிட்டு, வாப்பாட பேரச் சொல்லு மகள் எண்டன். சின்னப் புள்ள, அவ முழுப் பேரையும் வடிவாச் சொன்னா. அவரு எழுதிட்டாரு. வெக்கப்படாம என்ட பேரச் சொல்லியிரிந்தா இந்தக் கரச்சலே இல்ல."

"இப்ப மாத்த ஏலாதா?"

"வீட்டு உறுதிப் பத்திரம் இன்னம் யாருக்கும் குடுக்கல்ல. குடுக்கக்குள்ள இவரு போய், இது மனிசிட வீடு எண்டு ஒரு சொல்லுச் சொன்னா மாத்துவாங்களாம். சொல்லுவாரா எண்டதுதான் கத. நாளைக்கு நதீராவ ஒருவனுக்குக் குடுக்கக்குள்ள எந்த வீட்டக் குடுக்கிற? என்ட எண்டா நான் குடுப்பன். அவருட எண்டா அவருட உம்மா குடுப்பா, அவட விருப்பத்துக்கு."

சுபியானின் தங்கை ஸம்ஸியாவின் கதையையும் சொன்னார். அவளது வீடும் கடலோடு போனது. அதே உத்தியோகத்தர் அங்கேயும் போய்க் குடும்பத் தலைவர் எங்கே என்று கேட்டிருக்கிறார். ஸம்ஸியாவின் கணவர் சீனிமுகம்மது கத்தாரில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். தலைவர் இல்லாத குடும்பத்தைப் பிறகு பார்ப்போம் என்று போனவர், இன்னும் பார்க்கவில்லை. ஸம்ஸியாவும் மகள் றிபாவும் சல்மா உம்மாவும் ஒரு வாடகைத் தகரக் கொட்டிலில் இருந்தார்கள். கச்சானுக்கு அது அடுப்பு. மாரிக்கு அது குளம்.

"பாவந்தானே டீச்சர்," என்றேன்.

"பாவந்தான். நான் இல்லெண்டு சொன்னனா?" தூரிகையைத் தண்ணீரில் அலசினார். "றிபா என்ட வகுப்புத்தான். பின்னேரத்தில மேல் முழுக்க வேர்க்குருவோட இஞ்ச வரும், நான்தான் பவுடர் போட்டு விடுற. ஆனா மாமி வந்து, என்ட மகன்ட வளவு, என்ட மகள் எடுக்கா எண்டு முழம் போடுறா. இவரும் பேசாம நிக்காரு. கேக்கட்டும் சேர். யாருட்டக் கேக்கணுமோ அவட்டக் கேக்கட்டும்."

நான் மினாராவின் உச்சியில் பிறை வரைந்துகொண்டிருந்தேன். என் வீட்டில் இப்படி ஒரு சிக்கல் வந்தால் நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்று யோசித்தேன். மீனாம்பிகை எந்தப் பக்கம் நிற்கச் சொல்கிறாளோ அந்தப் பக்கம். சுபியான் பாவம், அவருக்கென்று ஒரு பக்கம் கிடைத்துவிட்டது. அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

கடைசி நாள் அதிகாரி வந்தார். மூன்றாம் வகுப்பின் பின் வரிசையில், பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் முழங்கால் நாடியில் இடிக்க நாங்கள் இருவரும் இருந்தோம். பயிற்சிக்கு வந்தவர்கள் யன்னலோரம் நின்றார்கள். விரிப்பு நடுவில். பிள்ளைகள் தாங்களே நிறம் பூசி, கூரை ஒட்டி, மணல் போட்ட பெட்டிகளோடு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

பாடம் அழகாகப் போனது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து வீட்டை வைத்தார்கள். வாப்பா எங்கே இருந்து வந்தார் என்று நூல் போட்டார்கள். ஒருவனின் வாப்பா அக்கரைப்பற்றிலிருந்து வந்ததால் நூல் விரிப்பைத் தாண்டி அதிகாரியின் சப்பாத்துவரை வந்தது. "காலக் கொஞ்சம் எடுங்க சேர், வாப்பா வாற," என்றான். அதிகாரி காலை எடுத்தார்.

றிபாவின் முறை வந்தது. கையில் பெட்டி இருந்தது. மற்ற எல்லோருடையதையும் விட அழகாக நிறம் தீட்டிய பெட்டி. அவள் எழும்பவில்லை.

"வா புள்ள. ஒண்ட வீட்ட வை."

"எங்க டீச்சர் வெக்கிற?"

"ஒங்கட வீடு எங்க இரிக்கோ அங்க."

"எங்களுக்கு வீடில்லையே. கொட்டில்தானே. வாடகக் கொட்டில வீடெண்டு சொல்லப்படாதாம் எண்டு உம்மா சொன்ன."

வகுப்பு திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த ஒரு பெண்பிள்ளை உதவிக்கு வந்தாள். "அவட மாமாட வீட்டடியில வெக்கலாம் டீச்சர். அவட மாமாட வீடு பெரிய வளவு."

"அது மாமாட வீடில்ல, டீச்சர்ட வீடு," என்றான் ஒருவன்.

"மாமாடதான். எங்க உம்மா சொன்ன."

"டீச்சர்டதான்."

யன்னலோரம் நின்ற ஆசிரியைகள் எல்லோருக்கும் விஷயம் தெரியும். விஷயம் தெரியாத ஒரே ஆள் அதிகாரி. அவர் பேனையை மூடித் திறந்துகொண்டிருந்தார். சுபைறா டீச்சர் பேச்சை மாற்றிவிடலாம். மணி அடிக்கவும் அதிக நேரமில்லை. அவர் மாற்றவில்லை.

"சரி," என்றார். "ஒரு வீடு யாருட எண்டு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிற?"

"மதில்ல பேர் எழுதியிரிக்கும் டீச்சர்."

"எங்கட மதில்ல எலக்சன் கேட்ட ஆள்ட பேர்தான் எழுதியிரிக்கி."

"கூட்டுற ஆள்ட வீடு டீச்சர்."

"ஏசுற ஆள்ட வீடு. எங்கட உம்மம்மா எல்லாருக்கும் ஏசுற."

மூலையில் இருந்த ஒரு பெண்பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "குடுக்க ஏலுமெண்டா அவங்கட டீச்சர். என்ட பென்சில நான் யாருக்கும் குடுப்பன். தம்பிட பென்சில எடுத்துக் குடுத்தா உம்மா கிள்ளுற."

சுபைறா டீச்சர் அந்தப் பிள்ளையைப் பார்த்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, அதிகாரியைப் பார்க்கவில்லை. குனிந்து தன் வீட்டுப் பெட்டியைப் பார்த்தார். யன்னலால் வந்த காற்றுக்கு நூல்கள் மட்டும் அசைந்தன. அவர் அதை முன்பே யோசித்து வந்தாரா, அல்லது அந்த நிமிடத்தில்தான் தோன்றியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"றிபா, இஞ்ச வா. இது யாருட வீடு? என்ட வீடு. பின்னால முருங்க இரிக்கி, கிணறு இரிக்கி. நடுவுல இடம் இரிக்கிதானே. அந்த இடத்த நான் ஒனக்கும் ஒண்ட உம்மாக்கும் தாறன். வை."

றிபா வந்து, இரண்டு கையாலும் பெட்டியை வைத்தாள். வைத்துவிட்டுக் கொஞ்சம் நேராக்கினாள்.

"யாரு குடுத்த?" என்று வகுப்பைக் கேட்டார்.

"டீச்சர்," என்று எல்லோரும் சொன்னார்கள். மாமாவின் வீடு என்று சொன்ன பிள்ளையும் சொன்னாள்.

அதிகாரி என் காதருகே குனிந்தார். "உரிமையும் பகிர்தலும். நல்ல இடத்தில கொண்டுவந்து சேர்த்திட்டா. இது உங்கட வழிகாட்டியில இருக்கிறதா?"

"ஓம் சேர்," என்றேன். "கடைசிப் பக்கத்தில."

மணி அடித்தது. பிள்ளைகள் புத்தகப் பையோடு நாலு பக்கமும் பறந்தார்கள். ஒரு செய்தியை ஊர் முழுக்கக் கொண்டுபோக அதைவிட நல்ல ஏற்பாடு எந்த வானொலிக்கும் கிடையாது.

நான் அன்று நேராகப் பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் விரிப்புச் சுபைறா டீச்சரிடம் இருந்தது. சவுக்காரம் போட்டுக் கழுவினால் கடலாவது போகுமா பார்ப்போம் என்று கொண்டுபோயிருந்தார். அதிகாரியை வழியனுப்பிவிட்டு நான் அவரது வீட்டுக்குப் போனபோது விரிப்புக் கொடியில் கிடந்தது. வயல் போயிருந்தது. கடல் போகவில்லை. அவர் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

சுபியான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். மீன் பை கைபிடியில் தொங்கியது. மதிலில் சைக்கிளைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"சேர், வல இழுக்கிற இடத்துல எல்லாரும் என்ட கையப் புடிச்சி மாஷா அல்லாஹ் எண்டு சொல்றாங்க. தங்கச்சிக்கு இடம் குடுத்திட்டியாம், நல்ல மனுசன் எண்டு. எனக்கு ஒண்டும் விளங்கல்ல. கேட்டுப் பாருங்க சேர், குடுத்த ஆரெண்டு."

நான் குசினிப் பக்கம் திரும்புவதற்குள் துருவல் சத்தம் நின்றது.

"நான்," என்றார் சுபைறா டீச்சர் உள்ளே இருந்து.

இருவருக்கும் நடுவில் நான் இல்லாமல் வந்த முதல் சொல் அது. சுபியான் முற்றத்தில் நின்றார். அவர் நின்ற இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். நீ யார் கொடுப்பதற்கு என்று கேட்டால், தங்கைக்குக் கிடைத்த இடம் அண்ணனின் வாயாலேயே போய்விடும். நல்லது செய்தாய் என்றால், வீடு யாருடையது என்ற கேள்விக்குப் பதில் சொன்னதாகிவிடும். பாவம், அவர் கையில் ஒரு பையும் அதற்குள் சூரை மீனும்தான் இருந்தது. அதை உயர்த்திப் பார்த்தார், கீழே வைத்தார்.

அதற்குள் கடப்படியில் ஆட்கள். முன்னால் சல்மா உம்மா, பின்னால் ஸம்ஸியா, அவளது சட்டையைப் பிடித்துக்கொண்டு றிபா. ஸம்ஸியா சந்தோசத்துக்கும் வெட்கத்துக்கும் நடுவில், உள்ளே வரலாமா என்று தெரியாமல் மதிலைத் தடவிக்கொண்டு நின்றாள். சல்மா உம்மாவுக்கு அந்தக் கேள்வியே இல்லை. நேரே வந்தார்.

"மகன், எந்தப் பக்கம் மகன்? கிணத்தடியிலரிந்தா, முருங்கையடியிலரிந்தா?"

சுபியான் தாயைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். குசினி வாசலைப் பார்த்தார். அங்கே தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு மனைவி நின்றார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை, காத்திருப்பு மட்டும்தான்.

"என்னட்டக் கேக்காதீங்க உம்மா," என்றார். "குடுத்தவட்டக் கேளுங்க."

மகனிடமிருந்து மருமகளிடம் தலையைத் திருப்பச் சல்மா உம்மாவுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"எந்தப் பக்கம் மகள்?"

"இரிங்க மாமி, வாறன்," என்று சுபைறா டீச்சர் கையைக் கழுவினார். பின் வளவுக்குப் போய்க் குதிக்காலால் மணலில் கோடு கிழித்தார். கோடு வளைந்தது. சுபியான் போய்க் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து ஒரு முனையைத் தான் பிடித்து, மறு முனையை மனைவியிடம் நீட்டினார். "நேரா இழுங்க," என்றார். "நீங்க முதல்ல நேரா நில்லுங்க," என்றார் டீச்சர். நான் இடையில் போகவில்லை. எனக்கு அங்கே வேலை முடிந்துவிட்டதென்று விளங்கியது.

"இன்னும் ஒரு முழம் தள்ளினா என்ன மகள்," என்றார் சல்மா உம்மா.

"கிணத்துல தண்ணி அள்ளுற ஆள் நிக்க இடம் வேணாமா மாமி? ஸம்ஸியாவும் இஞ்சதானே அள்ளணும்."

"அதுவும் சரி." கொஞ்சம் யோசித்தார். "கோழிக்கூடு இதுக்குள்ள வெச்சாக் குத்தமில்லையே?"

சுபைறா டீச்சர் கோட்டையும் குசினிக் கதவையும் மாறிமாறிப் பார்த்தார்.

"வைங்க. ஆனா என்ட குசினிக்குள்ள வந்த கோழி கிறுகி வெளிய போகாது. இப்பவே சொல்லிப்போட்டன்."

"என்ட கோழியள் அப்படிப்பட்டதுகளில்ல மகள். நான் சொல்லி வளக்கிற," என்ற சல்மா உம்மா, கயிறு கட்டி முடிப்பதற்குள் கோட்டுக்கு உள்ளே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். முக்காட்டால் முகத்தை விசிறிக்கொண்டு, மதிலடியில் நின்ற பேத்தியைக் கூப்பிட்டார்.

"றிபா, டீச்சர் மாமிட வீட்ட போய்க் கொஞ்சம் தண்ணி கேட்டு வாங்கிட்டு வா."